எஞ்சினை எங்கே வைப்பது?

எஞ்சின் கிடைத்துவிட்டது, சைக்கிளும் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் மோட்டார் சைக்கிள்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் சைக்கிளில் எஞ்சினுக்கு உரிய இடம் எது என்பது பிடிபட 1885 முதல் 1901 வரை ஆயிற்று.

1885-இல் ஜெர்மனியின் கான்ஸ்டாட்டில் பொறியாளர்களான டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் ஒரு வண்டி கட்டினார்கள். எஞ்சின் 264 சிசி, திறன் அரைக் குதிரைத்திறன்தான். சாய்ந்து விழாமல் இருக்க இருபுறமும் குட்டிச் சக்கரங்கள். எஞ்சின் சரியாக ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே இருந்தது. ஸ்பார்க் பிளக் இல்லை; சுடர் வைத்துக் காய்ச்சிய குழாய்தான் பெட்ரோல் ஆவியைப் பற்றவைத்தது. டைம்லரின் மகன் பால் ஓட்டிச் சென்றபோது இருக்கையே தீப்பிடித்தது. டைம்லருக்கு உண்மையில் இருசக்கர வண்டியில் நாட்டமே கிடையாது. எஞ்சினைச் சோதிக்க ஏதோ ஒரு வண்டி வேண்டியிருந்தது. மறு ஆண்டே நான்கு சக்கர வண்டிக்குப் போய்விட்டார்.

விற்பனைக்கென்று தொழிற்சாலையில் தயாரான முதல் மோட்டார் சைக்கிள் 1894-இல் மியூனிக்கில் வந்தது: ஹில்டெப்ராண்ட் அண்ட் வுல்ஃப்முல்லர். படுக்கைவாக்கில் இரண்டு சிலிண்டர்கள். ரயில் எஞ்சினைப் போலவே அவற்றின் தண்டுகள் நேரே பின்சக்கரத்தைச் சுழற்றின. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, தனி ஃப்ளைவீலும் இல்லை. ஃப்ளைவீலின் வேலையையும் பின்சக்கரமே பார்த்துக்கொண்டது. பிஸ்டன் திரும்பி வருவதற்குத் துணையாக ரப்பர் பட்டைகள் வேறு! வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். எஞ்சின் கிட்டத்தட்ட 1,500 சிசி, கொடுத்ததோ இரண்டரைக் குதிரைத்திறன். இன்றைய 350 சிசி புல்லட் 20 குதிரைத்திறன் தருகிறது. எஞ்சினின் ஒவ்வொரு உதையும் சக்கரத்துக்கு அப்படியே போனதால், மெதுவாக ஓட்டினால் வண்டி குதித்துக் குதித்துத்தான் நகரும். 1897-இல் நிறுவனம் மூடப்பட்டது.

அதே ஆண்டு பாரிஸில், ரஷ்யாவிலிருந்து வந்த வெர்னர் சகோதரர்கள் எஞ்சினை ஹேண்டில்பாருக்கு முன்னே பொருத்தி, பெல்ட் போட்டு முன்சக்கரத்தைச் சுழற்றினார்கள். சைக்கிளை வெட்டி ஒட்டும் வேலை இல்லாத எளிய வழி, வண்டியும் விற்றது. ஆனால் பாரம் முழுக்க உயரத்தில், அதுவும் முன்னால் இருந்ததால் ஈரச் சாலையில் வழுக்கி ஆளைத் தள்ளிவிடும். 1901-இல் அவர்களே இதைத் திருத்தினார்கள். பெடல் அச்சு இருக்கும் இடத்தில் சட்டத்தைப் பிரித்து, எஞ்சினை அங்கே பூட்டினார்கள். பாரம் தாழ்ந்தது, இரு சக்கரங்களுக்கும் நடுவே வந்தது. பெடலை மட்டும் விடவில்லை. வண்டியைக் கிளப்பவும் மேட்டில் மிதிக்கவும் அது வேண்டியிருந்தது.

மற்றவர்கள் உடனே பின்பற்றிவிடவில்லை. இங்கிலாந்தின் ரெடிச்சில் ராயல் என்ஃபீல்டு அதே 1901-இல் தயாரித்த முதல் மோட்டார் சைக்கிளில் எஞ்சின் ஹேண்டில்பாருக்கு முன்னே தொங்கியது. நீண்ட பெல்ட் ஒன்று அங்கிருந்து பின்சக்கரம் வரை ஓடியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து அந்த நிறுவனம் சென்னைக்கு வந்தபோது கொண்டுவந்த புல்லட்டில், எஞ்சின் வெர்னர் சகோதரர்கள் காட்டிய இடத்துக்கு எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.