பல்கலைக்கழகம் புகுவார்க்குக் களிப்பும் கல்வி ஆயத்தமும்

களிப்பு கல்விக்குப் பகை என்று கருதுவோர் ஒரு சாரார். பல்கலைக்கழக வாழ்வே களித்தற்கு அமைந்தது என்று எண்ணுவோர் மற்றொரு சாரார். பாடசாலைக் கல்வியை முடித்துப் பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர் இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே நின்று மயங்குதல் இயல்பே. லுணுகலைப் பகுதித் தோட்டங்களிலிருந்து செல்வோர்க்கோ இம்மயக்கத்தின் விளைவு ஏனையோரினும் கடுமையானது. ஆதலின், இதனைச் சிறிது ஆராய்வாம்.

பேராதனையில் தொடங்கிப் பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடியில் முடிவது நம் ஊரின் நெடுஞ்சாலை. அதன் ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம் உள்ளது. இடையே, பதுளையில், 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உள்ளது. மறு முனைக்கு அணித்தாய் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. சாலை ஒன்றாயினும் அதனை அடைதல் எளிதன்று. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதத்தினர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தினர் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதத்தினர் கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களிலிருந்தும் தெரிவுசெய்யப்படுகின்றனர். பதுளை அப்பதினாறனுள் ஒன்று. கணித, விஞ்ஞான ஆசிரியர் போதாமையால் இடர்ப்படும் தோட்டப்புறப் பாடசாலை மாணாக்கர்க்கு இம்முறை பெருந்துணையாம். எனினும், இம்முறை வாயிலைத் திறந்துவிடுமேயன்றி உள்ளே வந்து துணை செய்வதில்லை. கொழும்பு மாணாக்கரும் யாழ்ப்பாண மாணாக்கரும் எழுதும் வினாத்தாளையே நம்மவரும் எழுதல் வேண்டும்.

அனுமதி கிடைத்த செய்தி வந்ததும் லயம் முழுவதும் மகிழ்கின்றது. கோயிலிற் பூசை நடைபெறுகின்றது. உற்றார் வந்து வாழ்த்துகின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் பிள்ளையாயின் அம்மகிழ்ச்சி முற்றிலும் தக்கதே. ஆயின், உயர்தரப் பரீட்சை முடிந்த நாள்முதல் விரிவுரை தொடங்கும் நாள்வரை பல மாதங்கள் கழிகின்றன. விஞ்ஞானம், பொறியியல், முகாமைத்துவம் முதலிய துறைகள் பெரும்பாலும் ஆங்கில மொழியிற் கற்பிக்கப்படுவன. தமிழ்மொழி மூலம் பயின்ற ஒருவர் தாம் முன்னரே அறிந்த பாடத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை படித்துச் செல்வாராயின், முதல் விரிவுரையிலே மொழியோடும் பொருளோடும் ஒருங்கே போராட வேண்டியதில்லை. கொண்டாட்டத்துக்குச் சில நாள்கள் போதும். ஆயத்தத்துக்கே மாதங்கள் வேண்டும்.

பல்கலைக்கழகத்திற் புகுந்தபின் தோன்றும் இடர் வேறுவகையினது. தோட்டத்தில் விடியற்காலையிற் பெரட்டு நேரத்தை உணர்த்தும். பாடசாலையில் மணி உணர்த்தும். விடுதியிலோ உணர்த்துவார் ஒருவருமிலர். கால அட்டவணையை நோக்கும் புதிய மாணாக்கர் அதிலுள்ள வெற்றிடங்களை ஓய்வுநேரம் எனக் கொள்கின்றனர். இது கணக்கறியாமையால் வரும் பிழை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி கிரெடிட் என்னும் அலகு ஒன்றுக்கு 50 கற்றல் மணித்தியாலங்கள் உரியன. ஓர் அரையாண்டுக்கு 15 கிரெடிட் எனின், 750 மணித்தியாலங்கள் ஆகும். 15 வாரங்களுக்குப் பகுத்தால் வாரத்துக்கு 50 மணித்தியாலங்கள். இவற்றுள் விரிவுரைக்குரியன ஏறத்தாழப் பதினைந்தே. எஞ்சிய முப்பத்தைந்தும் மாணாக்கர் தாமே கற்றற்கு வகுக்கப்பட்டவை. வெற்றிடம் போலத் தோன்றுவதே கல்வியின் பெரும்பகுதி என்பது இதனாற் பெறப்படும்.

முதலாண்டைக் களிப்பிற் கழித்துப் பின்னர் ஈடுசெய்வோம் என்பாரும் உளர். அது கூடுமா என்று பார்ப்போம். தரப்புள்ளிச் சராசரியின் உச்சம் 4.00, முதல் வகுப்புக்கு வேண்டுவது 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு வேண்டுவது 3.30. சம அளவான எட்டு அரையாண்டுகளும் கணக்கிற் கொள்ளப்படும் நான்காண்டுப் பட்டமொன்றில், முதல் அரையாண்டில் 2.50 பெற்றவர் முதல் வகுப்பை எய்த எஞ்சிய ஏழிலும் சராசரி 3.87 பெறல் வேண்டும். அரிதாயினும் அது கூடும். இரண்டு அரையாண்டுகளிலும் 2.50 பெற்றவர்க்கோ எஞ்சிய ஆறிலும் 4.10 வேண்டியதாகின்றது. உச்சமே நான்காதலின், முதல் வகுப்பு அவருக்கு என்றென்றைக்கும் அடைபட்டுவிடுகின்றது. மேற்பிரிவை எய்துதற்கும் 3.57 வேண்டும். வருகை குறைந்தால், பரீட்சைக்குத் தோற்றவே இடமின்றிப் போதலும் உண்டு. பல பீடங்கள் 80 வீத வருகையை வேண்டுகின்றன.

இவ்வாறு கூறுதலால் மாணாக்கர் விழாக்களை விலக்கி அறையினுள் அடங்குக என்பது கருத்தன்று. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாம் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணாக்கர் உடனுறைந்து கற்கும் இடமாகவே பேராதனையை விரும்பினார். 1952இல் பல்கலைக்கழகம் ஆண்டுக் குடியேறியது. உடனுறைதலின் பயன் அங்கு வளர்ந்த கலைகளில் விளங்கிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் ஈழத்துக் கூத்துக்களை மாணாக்கரைக்கொண்டு பேராதனையில் அரங்கேற்றினார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. அக்கூத்துகளில் ஆடிய மாணாக்கருள் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்திற் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராய் விளங்கினார். ஆடலும் பாடலும் கல்வியைக் கெடுப்பன அல்ல. ஒழுங்கின்மையே கெடுப்பது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. காமன் கூத்தைக் கண்டு வளர்ந்த மலையக மாணாக்கர் கலைவிழாவுக்கும் பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் தம் பங்கை அளித்தல் அவர்க்கும் நன்று, பிறர்க்கும் நன்று.

வேறொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. புதியோரை வரவேற்றல் என்ற பெயரால் நிகழும் பகிடிவதை கொண்டாட்டமன்று, குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. கொடுங்காயம் விளைப்பின் தண்டனை பத்தாண்டு வரை நீளும். பிறர் துன்புறக் காணும் கூட்டத்திலிருந்து விலகுதல் கோழைமையாகாது.

இனி, இரண்டையும் சமன்செய்யும் நெறி யாது? அதனை நம் தோட்டமே கற்பிக்கின்றது. தேயிலை மலையில் ஏறத்தாழ வாரத்துக்கொரு சுற்றாகக் கொழுந்து பறிக்கப்படும். ஒரு சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும். அடுத்த வாரம் இருமடங்கு கைகள் உழைத்தாலும் முற்றிய இலை கொழுந்தாவதில்லை. கல்வியும் அத்தன்மைத்தே. ஒவ்வொரு வாரத்துப் பாடத்தையும் அவ்வாரத்திலே முடித்தவர் வார இறுதி விழாவுக்கு அச்சமின்றிச் செல்லலாம். ஓர் அரையாண்டில் ஒரு விழாவுக்குப் பொறுப்பேற்றல் போதும். அனைத்துக்கும் பொறுப்பேற்பவர் எதனையும் செவ்வனே செய்யார். ஒப்படைக்கு நாள் குறிக்கப்பட்டிருப்பின் அது முடிந்த பின்னரே சுற்றுலா. பணத்துக்கும் இதுவே விதி. 1981இல் தோன்றிய மகாபொல நிதியத்தின் உதவியும், கொழுந்து நிறுத்துப் பெற்றோர் ஈட்டி அனுப்பும் பணமும் முதலிற் புத்தகத்துக்கும் உணவுக்கும் உரியன, மிஞ்சியதே விருந்துக்குரியது.

இந்நெறி பற்றிச் செல்லும் மாணாக்கர் களிப்பையும் இழவார், கல்வியையும் இழவார். அவர் பட்டம்பெற்று மீண்டு இவ்வூர்ப் பாடசாலையிற் கணிதமோ விஞ்ஞானமோ கற்பிக்க வருவாராயின், ஆசிரியர் இன்மையாற் பின்தங்கும் பிள்ளைகளின் தொகை அந்த அளவுக்குக் குறையும். லயத்தார் கொண்டாடுதற்கு அதனினும் தக்க நாள் வேறில்லை.