பூட்டனார் யார் என்று கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? அமெரிக்கக் குடும்பங்களின் வம்சச் சிக்கல்

1620-ல் 'மேஃபிளவர்' கப்பலில் அமெரிக்காவுக்கு வந்த 102 பயணிகளில் ஒரு சிறுமி எலிசபெத் டில்லி. முதல் குளிர்காலத்திலேயே அப்பா, அம்மா இருவரும் இறந்துபோனார்கள். பிறகு ஆளுநர் ஜான் கார்வரின் வேலையாளாக வந்த ஜான் ஹவ்லண்டை மணந்தார். பத்துப் பிள்ளைகள். முன்னாள் அதிபர்கள் ரூஸ்வெல்ட், புஷ் எல்லாம் இந்த வம்சம்தான்.

ஆனால், எலிசபெத் கார்வர் வீட்டுப் பெண் என்றே வாரிசுகள் பல காலம் நம்பிவந்தார்கள். பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி லண்டனில் கிடைத்து, 1856-ல் அச்சான பிறகுதான் அவர் ஜான் டில்லியின் மகள் என்பது தெரியவந்தது. இவ்வளவு பிரபலமான குடும்பத்துக்கே இந்த நிலை!

குழப்பம் எங்கே தொடங்குகிறது?

ஆரம்பகாலக் குடியேற்ற ஊர்கள் ரொம்பச் சின்னவை. அக்கம்பக்கத்து நாலைந்து குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்தார்கள். புது நிலம் தேடிப் போகும்போதும் சொந்தபந்தத்தோடு சேர்ந்தே போனார்கள். தாத்தா பெயரையே பேரன்களுக்கும் வைத்ததால், ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று, நான்கு பேர் இருப்பது சகஜம்.

பதிவேட்டில் 'ஜூனியர்' என்று இருந்தால் மகன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் அது ஒரே பெயருள்ளவர்களில் வயதில் இளையவரையும் குறித்தது. அவர் தம்பி மகனாக இருக்கலாம். சொந்தமே இல்லாதவராகவும் இருக்கலாம்.

சென்சஸைப் பார்த்தால் போதாதா?

போதாது. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் தொடங்கியது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் எழுதப்பட்டது. மனைவி, பிள்ளைகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் வீட்டில் உள்ள மற்றவர்களின் பெயர்கள் வந்தன. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் பெயர்கள் வர 1870 ஆனது.

டிஎன்ஏ சோதனை தீர்த்துவிடாதா?

இங்கேயும் சிக்கல்தான். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கு இடையே சராசரியாக 12.5 சதவீத டிஎன்ஏ பொதுவாக இருக்கும். அண்ணன் தம்பி இருவர், அக்கா தங்கை இருவரைக் கட்டியிருந்தால் அவர்களின் பிள்ளைகளுக்கு இடையே அது 25 சதவீதம் ஆகிவிடும். பல தலைமுறையாக இப்படி நடந்த குடும்பங்களில் தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தம் போலத் தெரியும்.

அப்படியென்றால் என்னதான் வழி?

ஒரு பெயரை மட்டும் துரத்தாமல், சுற்றியிருந்த குடும்பங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார்? அனாதைப் பிள்ளைக்குக் காப்பாளராக நின்றவர் யார்? பல நேரம் அது மாமனாரோ மச்சானோதான். கல்யாணத்துக்குப் பிறகு பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடும். 'இன்னாருக்கு மனைவியான என் மகளுக்கு' என்று அப்பா உயிலில் எழுதிய ஒரு வரிதான் அதை மீட்டுத் தரும்.

1897-ல் தொடங்கப்பட்ட மேஃபிளவர் வாரிசுகள் சங்கத்தில் சேர வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். நடுவில் ஒரே ஒருவரை மாற்றிப் பிடித்தாலும், அதற்கு மேலே இருப்பதெல்லாம் வேறு யாரோ ஒருவரின் வம்சம்!