வாயில்லா ஜீவனின் வாக்குமூலம்

நோயுற்ற மனிதன், வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று வைத்தியரிடம் எடுத்துரைப்பான். நாயோ, உணவை வெறுத்து ஒரு மூலையில் சுருண்டு படுப்பதன்றி வேறு முறையீடு அறியாது. ஆயினும் அந்த வாயில்லா ஜீவனின் இரத்தமும், சிறுநீரும், மூட்டுகளில் ஊறும் நீரும், அது சொல்ல மாட்டாததைப் புரதங்களின் வாயிலாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

அவற்றுள் முதன்மையான சாட்சி, சி-ரியாக்டிவ் புரதம். 1930-இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில், நிமோனியாவுற்ற மனிதர்களின் இரத்தத்தில் முதன்முதலாக அறியப்பட்ட இது, ஆரோக்கியமான நாயிடம் லிட்டருக்குப் பொதுவாக 10 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். கருப்பையில் சீழ் கட்டினாலோ, நுரையீரல் அழற்சி கண்டாலோ, கல்லீரல் அதை ஓரிரு நாட்களுக்குள் 100 மில்லிகிராமுக்கு மேலும் பெருக்கிவிடும். நோய் தணியும்போது இதுவும் விரைந்து இறங்குவதால், கொடுத்த மருந்து பலித்ததா என்பதையும் வைத்தியர் இதைக் கொண்டே ஊகிக்கிறார்.

ஆனால் ஒரு பிராணியின் பாஷையை மற்றொன்றின் அகராதி கொண்டு படிக்க இயலாது. நாயிடம் இவ்வளவு தெளிவாக உயரும் இப்புரதம் பூனையிடம் பயன்படுவதில்லை. அங்கே சீரம் அமிலாய்டு-ஏ என்னும் வேறொரு புரதமே அப்பணியைச் செய்கிறது. மனிதருக்கென்று அமைந்த சோதனையையும், நாயின் புரதத்தை அது சரிவர இனங்காண்கிறதா என்று நிச்சயித்துக்கொண்ட பின்னரே பயன்படுத்துவது முறை.

நாய்க்கே உரிய அகராதி 2005-இல் கிடைத்தது. டாஷா என்னும் பாக்ஸர் இனப் பெண்நாயின் மரபணுத்தொகை அவ்வாண்டு வெளியாயிற்று. இன்று ஆய்வாளர்கள், நாயின் உடல் திரவத்திலுள்ள புரதங்களை டிரிப்சின் என்னும் நொதியால் சிறு துண்டங்களாக்கி, அவற்றின் நிறையை நிறைமாலைமானியால் நுட்பமாக அளந்து, அம்மரபணுத்தொகையோடு ஒப்பிட்டு, எந்தெந்தப் புரதம் இருக்கிறதென்று கண்டுகொள்கிறார்கள். இரத்தச் சீரத்தின் புரதத்தில் ஏறக்குறையப் பாதி அல்புமினே ஆதலால், அதன் ஆரவாரத்தில் அருகிய புரதங்களின் மெல்லிய குரல் அமிழ்ந்துபோகாமல் காப்பதே இதில் பெருஞ்சிரமம்.

இவ்வளவு பிரயாசை எதற்கென்றால், காலத்திற்காகவே. சிறுநீரகத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ முக்கால் பங்கு, செயலிழந்த பின்புதான் இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவு உயர்கிறது. வடிகட்டும் நுண்குழல்கள் பழுதுற்றால், சிறுநீரில் கசியும் புரதமோ அதற்கு வெகுகாலம் முன்பே அதை அறிவிக்கக்கூடும். மூலையில் சுருளும் நாளுக்கு முன்பே அந்த ஜீவனின் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டால், பிழைப்பிக்க அவகாசம் மிச்சமிருக்கும்.