பேஸ் கிட்டார் வாசிப்பவரின் செவி

வார நாள்களில் அலுவலகம். வார இறுதியில் திருமண வரவேற்பிலோ கோயில் திருவிழாவிலோ மெல்லிசைக் குழுவோடு பேஸ் கிட்டார். விருப்பத்தின் பொருட்டே வாசிக்கும் இத்தகையோரை எங்கள் செவிநலப் பிரிவில் காண்கிறோம். கைதட்டல் பாடகருக்கே, பேஸ் நின்றுபோனால்தான் பாட்டில் ஏதோ குறைவதை அவையோர் உணர்வர்.

அக்கருவியின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. செவியை வருத்துவது பெரும்பாலும் பக்கத்து ஒலியே. தாளத்தோடு இணைந்து வாசிக்க வேண்டி அவர் டிரம்ஸ் அருகிலேயே நிற்கிறார். சிம்பலின் கூரிய ஓசை ஒரே செவியில் இடைவிடாது விழுகிறது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பர். 100 டெசிபலாயின் 15 நிமிடமே. கச்சேரியோ 3 மணி நேரம்!

வீடு திரும்பியபின் காதில் இரைச்சல் நீடித்தால் அதனைக் களைப்பென்று எண்ணி உறங்கிவிட வேண்டா. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளையா. பஞ்சு போதாது, எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிக்கும், இசைஞர்க்கான செவியடைப்பான்கள் கிடைக்கின்றன. வாசிப்பை நிறுத்துமாறு நாங்கள் கூறுவதில்லை. தொலைக்காட்சியின் ஒலியை அவர் நாளுக்கு நாள் கூட்டுவதை முதலில் அறிபவர் வீட்டாரே. அப்போதே செவிப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.