மெமரி சிப்புக்குள் ஒரு தராசு... உங்கள் மொபைல் மறக்காமல் இருப்பது எப்படி?

யுபிஐ-யில் 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். பட்டனைத் தட்டும் அந்த நொடியில் உங்கள் மொபைலின் ரேமில் 0, 1 என்ற பிட்களாகத்தான் அந்தத் தொகை இருக்கிறது. அதில் ஒரு பிட் மாறினாலும் கணக்கு தப்பிவிடும். ஆனால், அப்படி நடப்பது மிக மிக அரிது. என்ன காரணம்?

8 ஜிபி ரேமில் சுமார் 6,900 கோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டெனார்டு 1966-ல் யோசித்து, 1968-ல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு இது. கெபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

சந்தை இரைச்சலில் ஒரு ரகசியம்

செல்லில் இருப்பதைப் படிக்க, அதை 'பிட்லைன்' என்ற நீண்ட கம்பியோடு இணைக்க வேண்டும். செல்லில் இருக்கும் துளி மின்னூட்டம் கம்பி முழுக்கப் பரவுவதால், மின்னழுத்தம் 0.1 வோல்ட் அளவுக்குத்தான் ஏறும் அல்லது இறங்கும். அக்கம்பக்கத்துக் கம்பிகளின் மின் இரைச்சலும் அதோடு கலந்துவிடும். சந்தைக்கு நடுவே ஒருவர் காதில் சொல்லும் ரகசியத்தைக் கேட்பது போலத்தான்!

இதற்குத் தீர்வு, தராசு. இரண்டு கம்பிகளையும் முதலில் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டு வருவார்கள். ஒன்றை மட்டும் செல்லோடு இணைப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 'சென்ஸ் ஆம்ப்ளிஃபயர்' என்ற சர்க்யூட் பெரிதாக்கிக் காட்டும்.

ஆரம்பத்தில் இந்த இரு கம்பிகளும் ஆம்ப்ளிஃபயரின் இரு பக்கங்களில் எதிரெதிராக நீண்டன. ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் வந்தால் தராசு சாய்ந்துவிடும். 1970-களில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கியோ இட்டோ, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் 'மடித்த பிட்லைன்' முறையைக் கொண்டு வந்தார். இப்போது இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழும். வித்தியாசம் பார்க்கும்போது அது கழிந்துவிடும். காற்று இரண்டு தட்டையும் ஒன்றாக அசைத்தால் எடை மாறாது அல்லவா? பின்னர், கம்பிகளை இடையிடையே குறுக்கே மாற்றிப் பின்னும் முறையும் வந்தது.

ஆனால், இதற்கு இடம் அதிகம் தேவை. எதிரெதிர் முறையில் ஒரு செல்லுக்கு 6 சதுர அலகு போதும் என்றால், மடித்த முறைக்கு 8. அதனால் செல்களை இன்னும் நெருக்கி அடுக்க, நிறுவனங்கள் வேறு பாதுகாப்புகளோடு மீண்டும் எதிரெதிர் முறைக்கே திரும்பின.

ஒரே கதவைத் தட்டினால்...

நெருக்கம் கூடியதில் புதிய சிக்கலும் வந்தது. ஒரே வரிசை செல்களை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் திறந்தால், பக்கத்து வரிசையின் மின்னூட்டம் கசிந்து பிட் மாறலாம். இதன் பெயர் 'ரோஹாமர்'. 2014-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு சோதித்த 129 மெமரி மாட்யூல்களில் 110-ல் இது நடந்தது.

2015-ல் கூகுள் ஆய்வாளர்கள், இந்த வழியில் ஒரு கம்ப்யூட்டரின் முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்ற முடியும் என்று காட்டினார்கள். 2016-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டு மொபைல்களிலும் அதைச் செய்து காட்டினார்கள்.

அடிக்கடி திறக்கப்படும் வரிசையைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்து வரிசைகளுக்கு முன்கூட்டியே மின்னூட்டம் புதுப்பிக்கும் ஏற்பாடு பின்னர் சிப்களில் வந்தது. சாஃப்ட்வேர் வழியாக நுழையும் சில பாதைகளை ஆண்ட்ராய்டு அப்டேட்டுகள் அடைத்தன. எனவே, 'செக்யூரிட்டி அப்டேட்' என்று மொபைலில் வந்தால் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிடாதீர்கள்!