லாரி எஞ்சினின் நீர்ப் பாதையில் காற்றுத் தங்குதல்: அதனை அறியும் முறை

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்களுக்கு, கிழங்கை மண்ணிலிருந்து எடுத்த நேரம் முதல் ஆலையில் இறக்கும் நேரம் வரையுள்ள இடைக்காலமே மிகுந்த கவலைக்குரியது. எடுத்த கிழங்கு இரண்டு மூன்று தினங்களுக்குள் உட்புறம் நிறம் மாறிக் கறுக்கத் தொடங்குகிறது. சேகோ ஆலைகளில் மாவுச் சத்தின் ‘பாயிண்டு’ பார்த்தே விலை வைக்கிறார்களாதலின், லாரி வழியில் ஒரு நாள் நின்றுவிட்டால் நஷ்டம் லாரிக்காரருக்கு மட்டுமன்று, கிழங்கு போட்டவருக்கும் உண்டு. கறிக்கோழி ஏற்றிய லாரி சித்திரை வெயிலில் நின்றால் விளைவு இதனினும் கொடிது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும், சேலத்திலிருந்து தர்மபுரி செல்லும் தொப்பூர் ஏற்றத்திலும் எஞ்சின் சூடேறி நிற்கும் லாரிகளைப் பலரும் கண்டிருக்கலாம். இச்சூட்டிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதிற் பிடிபடாதது, நீர் ஓடும் பாதையில் காற்றுத் தங்கிவிடுதல். இதனையே டிரைவர்கள் ‘ஏர் லாக்’ என்கின்றனர்.

கிணற்றில் பம்பு செட்டு வைத்திருப்போருக்கு இது புதிய செய்தியன்று. புட்வால்வு கசிந்து குழாயில் காற்றுப் புகுந்தால், மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும்; நீர் மட்டும் ஏறாது. மேலிருந்து நீர் வார்த்துக் காற்றைப் போக்கிய பின்னரே பம்பு இழுக்கத் தொடங்கும். லாரி எஞ்சினிலுள்ள நீர்ப் பம்பும் அதே இனத்தைச் சேர்ந்ததே. காற்று எப்பொழுதும் உயரமான இடத்தை நாடுமாதலால் சிலிண்டர் ஹெட்டின் மேற்பகுதி, தெர்மோஸ்டாட் கூடு, மேல் ஹோஸின் வளைவு ஆகியவற்றில் தங்குகிறது. காற்று நிற்கும் இடத்தில் இரும்பை நீர் தொடுவதில்லை. அவ்விடம் மட்டும் மிதமிஞ்சிச் சூடேற, அருகிலுள்ள நீர் கொதித்து ஆவியாகி, முன்னிருந்த காற்றோடு சேர்ந்து தடையைப் பெரிதாக்கும்.

இங்கு ஒரு விஷயம் முக்கியமாகக் கவனிக்கற்பாலது. டிரைவர் முன்னுள்ள டெம்பரேச்சர் மீட்டர், அதன் உணர்முனை நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை கூறும். அம்முனை காற்றில் நின்றால் ஹெட் தீய்ந்துகொண்டிருக்கும் சமயத்திலும் முள் தாழ்ந்து நிற்கக்கூடும். ஆகவே முள் உயர்ந்திருப்பதைக் காட்டிலும், காரணமின்றி மேலும் கீழும் துள்ளுவதே காற்றுக்குச் சிறந்த அடையாளம். எஞ்சினை நிறுத்தியதும் ‘களகள’ என்ற ஓசை கேட்பதும் அத்தகையதே. மேல் ஹோஸ் தொடமுடியாதபடி சுட, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் நீரோட்டம் தடைப்பட்டுள்ளது என்று மட்டுமே கொள்ளவேண்டும். நம் பக்கத்துப் போர் கிணறுகளின் கடின நீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டரும் இதே குறியைக் காட்டும்.

காற்று இருப்பதாகத் தெரிந்த பின், அது பழைய காற்றா, புதிதாக வந்துகொண்டிருக்கும் காற்றா என்பதே கேள்வி. ஹோஸையோ பம்பையோ மாற்றிவிட்டு, வாளியால் அவசர அவசரமாக நீரை ஊற்றியதால் உள்ளே அகப்பட்டது பழைய காற்று. தெர்மோஸ்டாட் குளிரில் மூடியிருப்பதால் அதற்கு வெளியேற வழியில்லை. ஓரிரு தினங்கள், எஞ்சின் ஆறியபின் குறைந்த அளவை நிரப்பி வந்தால் இது தானே தீர்ந்துவிடும். புதிய காற்று அப்படித் தீராது. அது புகும் வாயிலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

சோதனை காலையில், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது செய்யத்தக்கது. சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. பீறிடும் நீரால் முகமும் கையும் வெந்துபோகும். லாரியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கின் ஏர் டாங்கிகளிலுள்ள காற்றைத் திறந்துவிடுக. பின் ரேடியேட்டர் அல்லது மேல் தொட்டியின் மூடியை எடுத்து, விளிம்புவரை நிரப்பி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நீரைக் கவனிக்க வேண்டும். முதலில் சில குமிழிகள் வந்து, தெர்மோஸ்டாட் திறந்து நீர்மட்டம் ஒருமுறை இறங்கியபின் அடங்கினால் அது பழைய காற்று.

குமிழிகள் அடங்காமல் வந்தால் ஏர் பிரேக்கின் கம்ப்ரஸரை முதலில் சந்தேகிக்க வேண்டும். பலரும் மறந்துவிடுவது இதனையே. பெரும்பாலான கனரக லாரிகளில் கம்ப்ரஸரின் ஹெட்டும் எஞ்சினின் நீராலேயே குளிர்விக்கப்படுகிறது. அதன் காஸ்கெட் கெட்டால் பிரேக்குக்குச் செல்லவேண்டிய காற்று நீரில் கலக்கும். டாங்கி நிரம்பி, அன்லோடர் ‘புஸ்’ என்று விட்டவுடன் குமிழிகள் நின்று, பிரேக்கை மிதித்து அழுத்தம் இறங்கிக் கம்ப்ரஸர் மீண்டும் வேலை செய்யும்போது அவையும் மீண்டும் தோன்றினால் குற்றம் கம்ப்ரஸருடையதே. இச்சோதனையைச் செய்யாமல் எஞ்சின் ஹெட்டைக் கழற்றுவது வீண் செலவு.

அன்லோடர் விட்ட பின்னரும் குமிழிகள் நில்லாமல், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பெருகினால், எஞ்சினின் ஹெட் காஸ்கெட் வழியே எரிந்த வாயு வருகிறது என்க. மூடி போட்டுக் குளிர்ந்த எஞ்சினை ஓட்டிய ஓரிரு நிமிஷங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகுவது இதற்கு மற்றொரு சாட்சி. அந்த லாரியை மலைக்கு அனுப்பாமல் பட்டறைக்கு அனுப்புவதே முறை.

கீழ் ஹோஸின் கிளிப்புத் தளர்ச்சி இன்னும் மறைவானது. பம்பு உறிஞ்சும் பக்கமாதலால், ஓடும்போது நீர் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். நிறுத்திய பின்னரே ஈரம் தெரியும். உலர்ந்தால் வெண்மையான உப்புத்தடம் நிற்கும்.

மூடியை அற்பமாக எண்ணுதல் கூடாது. ஒரு ‘பார்’ அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் நீரே சுமார் 120 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். மூடி கெட்டால் சமவெளியில் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும், 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 95 டிகிரி அளவிலும் கொதித்துவிடும்.

பழைய காற்றைப் போக்க, ரேடியேட்டர் பக்கம் உயரும்படி லாரியைச் சிறு மேட்டில் நிறுத்தி, தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காற்றுத் திருகு இருப்பின் அதனைத் தளர்த்தி, குமிழியற்ற நீர் வரும்வரை மெல்லிய தாரையாக ஊற்றுக. புதிய லாரிகளில் மேல் தொட்டிக்குச் செல்லும் சிறு குழாய்கள் காற்றைக் கொண்டுசேர்ப்பவை. அவை அடைபட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க. சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிவதைப் பரிகாரமாகச் சொல்கின்றனர். இது தவறு. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் டீசலை விரயமாக்கும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியே சுற்றுவதும் உண்டு.

நீர் நிரப்பிய பின் தொட்டியின் பக்கத்தில் மட்டத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து, தினந்தோறும் எஞ்சினைக் கிளப்புமுன் பார்த்துவரலாம். ஒரு வாரம் கோடு இறங்காதிருந்தால் கிழங்கு ஏற்ற அந்த லாரியை நம்பி அமர்த்தலாம்.