காகிதமும் தேசச் சொத்தே

அமெரிக்காவில் 1938-இல் 10 சென்டுக்கு விற்ற 'ஆக்ஷன் காமிக்ஸ்' சித்திரக்கதையின் முதல் இதழ்ப் பிரதியொன்று, 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மகாத்மாவின் மூக்குக்கண்ணாடியையும் 2020-இல் பிரிஸ்டல் நகரில் 2,60,000 பவுனுக்கு ஏலங் கூறி விற்றனர். அரியதற்கெல்லாம் விலையுண்டென்பது சந்தையின் நியாயம்.

வேதாரண்யம் கண்ட நியாயம் வேறு. 1930 ஏப்ரல் 30-ஆந் தேதி அங்கே ராஜாஜி அள்ளிய உப்புக்கு விலை 6 மாதச் சிறைவாசம். ஸ்ரீமான் வேதரத்தினம் பிள்ளையின் சொத்துக்களைச் சர்க்கார் பறிமுதல் செய்தது.

அந்நாளையப் பத்திரிகையோ துண்டுப் பிரசுரமோ உங்கள் பரணில் இருக்குமாயின், அதைச் செல்லுக்கு இரையாக்காதீர்கள், வியாபாரிக்கும் கொடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அவ்வாறே பொது நூல்நிலையத்தில் சேர்ப்பியுங்கள். ஏலத்தில் எடுத்தவர் பெட்டியில் பூட்டுவார். நூல்நிலையத்தில் வைத்ததையோ நாளை உழவன் மகனும் வாசிப்பான்.